வாசலில் வைத்த புல்

எங்கள் பக்கத்தில் ஒருவரை ஆயுசுக்கும் நோகடிக்க வேண்டுமென்றால் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. 'உன்ற வாசல்ல புல்லு மொளைக்கும்' என்று சொன்னால் போதும். தினமும் கூட்டிச் சாணி தெளித்து, ஆள் வந்து போய்க்கொண்டிருக்கிற வாசலில் புல் வராது. கால் படாத இடத்தில்தான் அது தலையெடுக்கும். அதனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றுதான்: உன் வீட்டில் உனக்குப் பின்னால் நடமாட ஆள் இருக்காது. மல்லசமுத்திரத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் நான் கிராம நர்சாக வேலை பார்த்தவள். வீடு வீடாகப் போகிற வேலை என்பதால் சண்டைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். வெட்டுவேன் குத்துவேன் என்று கத்தியவர்கள் அடுத்த மாதமே ஒரே பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். இந்த வார்த்தை விழுந்த வீடுகள் மட்டும் பிறகு சேர்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னவர் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். நான் புதுப்பெண்ணாக வந்தபோது எனக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டவர். களி கட்டி தட்டாமல் கிண்டுவது எப்படி என்று காட்டியவர். நான் ஒரு கல் உப்பைக் கூடப் போட்டாலும் ஊருக்கே சொல்லிவிடுகிறவரும் அவர்தான். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நீட்டி எழுத எனக்குத் தெம்பு இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத மலை இல்லை. அடுத்தவர் குழந்தைகளின் தொடையைப் பிடித்து ஊசி போட்டு, அவை வீறிட்டு அழுகிறபோது தேய்த்துவிட்டுச் சமாதானம் செய்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. 'நர்சம்மா கை பட்டா அழுகை நின்னுரும்' என்பார்கள். வீட்டுக்கு வந்தால் நானும் சுவரும். என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். எங்கே மழை பொய்த்திருக்கிறதோ அங்கே வண்டி போகும், மாதக்கணக்கில் வடக்கே இருப்பார்.

சண்டை வந்தது மாமனாரின் நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது. பெரிய நிலம் ஒன்றுமில்லை, பாதி வெறும் சரளைக்காடு. அதில் எங்கள் பாகத்தையும் தங்கள் பையன் பேருக்கே எழுதிவிட்டால் பின்னால் தொந்தரவு இருக்காது என்று அண்ணன் வீட்டில் நினைத்தார்கள். அன்று அவர்கள் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. என் கணவர் எப்போதும்போல மெதுவாக, "இருக்கற வரைக்கும் எங்களுதாவே இருக்கட்டுங்க, அப்பறம் பாக்கலாம்" என்றார். அக்கா கையில் ரசச்சட்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"யாருக்கு அம்மிணி சேத்து வெக்கறீங்க? நாளைக்கு உங்க வாசல்ல புல்லுத்தான மொளைக்கப் போகுது?"

சொன்ன கையோடு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? சொல்லியாயிற்று. நாங்கள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் என் கணவரின் முதுகைப் பார்த்தபடியே வந்தேன். அவர் ஏதாவது பேசினால் அழுதுவிடலாம் என்று இருந்தது. அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

எங்கள் வீட்டு முன்வாசல் அப்போது மொட்டையாகக் கிடந்தது. ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் காட்டியவர் தன் வீட்டில் போட்ட போர்வெல்லில் வெறும் புகைதான் வந்தது. பாறைக்குள் துளை இறங்க இறங்கத் தண்ணீர் படாமல் தூளாகவே பறந்தால் ரிக்காரர்கள் அதைப் புகை என்பார்கள். சொந்த வீட்டில் புகை கிளம்பியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லாரித் தண்ணீர் குளிக்கவும் குடிக்கவும் சரியாகப் போய்விடும். நான் ரோஜா வைத்தேன், செம்பருத்தி வைத்தேன், நர்சரியில் பாய் மாதிரிச் சுருட்டித் தருகிற புல்தரைகூட வாங்கி விரித்தேன். எல்லாம் பங்குனி வெயிலில் அப்பளமாகிவிட்டன.

அந்தச் சண்டைக்குப் பின் முதல் கோடை மழை பெய்த மறுநாள், நான் சப்-சென்டரிலிருந்து தோளில் தடுப்பூசிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். கேட்டிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் நடக்கிற தடத்துக்கு இரண்டு பக்கமும் அவர் புல் நட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பாகத்துச் சரளைக்காட்டில் ஆடு மேய்கிற கொழுக்கட்டைப் புல். கடப்பாரை போட்டுத் தூரோடு பெயர்த்து, சாக்கில் கட்டி வண்டியில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தூரையும் கையால் பிளந்து, மேலே ஒரு சாண் விட்டு அரிவாளால் கழித்து, இரண்டு சாண் இடைவெளியில் வரிசையாக ஊன்றியிருந்தார். பார்க்க ஓர் ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஏனுங்க, அவீங்க சொன்னது பத்தாதுன்னு நீங்க வேற தெனமும் என்ற கண்ணுல குத்தோணும்னு வெக்கறீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையெல்லாம் செம்மண்.

"தானா மொளைச்சாத்தான் வெனை. நாமளே வெச்சுட்டா என்ன பண்ணுவாங்க?"

"ஊரு சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நாம முன்னாலயே சிரிச்சுட்டோமல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து வண்டி வடக்கே கிளம்பும் வரைக்கும் அவரோடு சரியாகப் பேசவில்லை. புல்லை மிதித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். வாடிப்போய்விடட்டும் என்றுதான் மனசுக்குள் இருந்தது. ஆனால் அந்தப் புல் என் மனசைக் கேட்டு வளரவில்லை. வாரம் போவதற்குள் கழித்த இடத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. ஆடியில் முழங்கால் உயரம். அடுத்த மழைக்குக் கதிர் வாங்கிவிட்டது.

கதிர் வந்த பிறகுதான் நான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு, பஞ்சுபோல மயிர் வைத்த கதிர்கள். புதிதாக வருகிறபோது லேசான ஊதா, முற்ற முற்ற வைக்கோல் நிறம். காலையில் கேட் பக்கமிருந்து வெயில் விழும்போது ஒவ்வொரு கதிரைச் சுற்றியும் ஒரு வெளிச்சம் நிற்கும். காற்று இல்லாவிட்டாலும் அது சும்மா இருக்காது. சாணி தெளிக்க வாளியோடு வந்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். காட்டில் எத்தனையோ முறை அதே புல்லைக் கடந்து போயிருக்கிறேன். வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும்போதுதான் அழகு என்று தோன்றுகிறது, மனிதப் புத்தி.

அதற்கு ஏன் கொழுக்கட்டை என்று பேர் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எதுவும் நம்பும்படி இல்லை. வளர்க்கிற விதம் மட்டும் எனக்கு இப்போது அத்துப்படி. அவர் போனில் சொல்வார், நான் செய்வேன். பாவம் பார்த்து அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றினேன், தூர் மஞ்சளடித்தது. "அதுக்குத் தண்ணி காட்டாத, சொகுசு பழகிக்கும்" என்றார். எருவும் வேண்டாம். ஆடிக்கு முன்னால் ஒரு முறை சாண் உயரத்துக்குக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய காய்ந்த தண்டு அடைத்துக்கொண்டு புதுசு மேலே வராது. கழித்தது பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. சில வருஷத்துக்கு ஒரு தரம் நடுத்தூர் செத்து வளையம் மாதிரி ஆகிவிடும், அப்போது பெயர்த்துப் பிளந்து மறுபடி நட வேண்டும். வெயில் காலத்தில் மொத்தமும் செத்த மாதிரிக் காய்ந்து கிடக்கும். ஒரே ஒரு மழை போதும். உதிர்கிற விதை நடைத்தடத்திலும் முளைக்கப் பார்க்கும். அதை நாங்கள் பிடுங்கியதே இல்லை. இரண்டு பேர் போகவர இருந்தோம், மிதிபட்டே போய்விடும்.

சத்தீஸ்கரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ போன் வந்தால் முதல் கேள்வியே "புல்லு எப்படியிருக்குது?" என்பதுதான்.

"பொண்டாட்டிய உட்டுப்போட்டுப் புல்ல விசாரிக்கற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்" என்பேன்.

"நீதான் வாயத் தொறந்து சொல்லிப்போடுவ. அது சொல்லாதல்ல?"

முதலில் ஊர் பேசத்தான் செய்தது. பாம்பு அடையும் என்றார்கள். பிள்ளையில்லாத வீட்டில் இப்படியா என்று என் காதுபடவே கேட்டார்கள். ரேஷன் கடையில் ஒரு பெண், "உங்க வாசல ஆரும் கூட்டறதில்லீங்களா நர்சம்மா?" என்று அக்கறையாகக் கேட்டாள். பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோக்காரரோடு வந்து கதிருக்கு நடுவில் நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். கேஸ் சிலிண்டர்காரர் எங்கள் வீட்டைப் 'புல்லூடு' என்று மற்றவருக்கு அடையாளம் சொன்னார். இத்தனை வருஷம் ஊசி போட்டுச் சம்பாதித்த நர்சம்மா என்கிற பேரை ஒரு புல் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டதே என்று கோபித்துக்கொண்டேன். உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. சாபமாக வந்த ஒன்று எங்கள் வீட்டுக்கு விலாசமாகிவிட்டது. அதைச் செய்தவர் அவர்.

அக்காவோடு பேச்சு அறவே நின்றுவிடவில்லை. ஒரே ஊர், அடுத்த தெரு. நல்லது கெட்டதுக்கு வருவார், போவோம். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முன்கேட்டைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காளி வழியாகப் பின்கதவைத் தட்டுவார். முட்டி வலிக்காரர், அந்தச் சந்தில் கல்லும் முள்ளுமாகக் கிடக்கும். என் வாசலை மிதிக்க அவருக்கு அவ்வளவு கசக்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். காபி கொடுப்பேன். முகம் கொடுக்க மாட்டேன்.

என் கணவருக்கு இருமல் வந்தபோது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. ரிக்கில் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாய்க்குத் துண்டைக் கட்டிக்கொண்டு பாறைத்தூளுக்கு நடுவில் காலம் பூராவும் நின்றால் நெஞ்சுக்குள் அது போய்ப் படியும். படிந்தது வெளியே வராது. சேலத்தில் படமெடுத்துப் பார்த்து டாக்டர் அதைத்தான் வேறு பேர் சொல்லிச் சொன்னார். "புல்லுப் பஞ்சு பறக்குது, அதக் கழிச்சுப்போடச் சொல்லு சாமி" என்று அக்கா பின்கதவு வழியாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அதனால் இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

கடைசிக் காலத்தில் வாசற்கதவை ஒட்டி நாற்காலி போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினை வைத்து, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருப்பார். கதிர் முற்றினால் சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும். கதிர் நுனியில் உட்காரும், கதிர் வளையும், குருவி பயந்து பறக்கும், மறுபடி வந்து உட்காரும். அதைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. சிரித்தால் இருமல் வரும் என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்ப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் கேட்டார்.

"நா போனப்பறம் இத வெச்சிருப்பியா?"

"அந்தப் பேச்ச உடுங்க."

"இல்ல, சொல்லு. கழிச்சுப்போடுன்னு ஆராச்சும் சொல்லுவாங்க."

"சொன்னாச் சொல்லட்டும்."

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "வெச்சிரு. எடுத்துட்டா, அவீங்க சொன்னதுக்கு நாம பயந்துபோன மாதிரி ஆயிரும். நாம பயக்கல" என்றார்.

சரி என்றேன். அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். வேறு எதுவும் கேட்கத் தெரியாத மனிதர்.

அவர் இறந்தது மார்கழியில், சேலத்து ஆஸ்பத்திரியில், பொழுது விடிகிற நேரத்தில். நான் முதலில் போன் செய்தது அக்காவுக்குத்தான். அந்த நேரத்தில் கூப்பிட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மச்சாண்டார், அதாவது என் கணவரின் அண்ணன், முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். "கொண்டாறோமுங்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆம்புலன்சில் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு வந்தேன். துக்கத்தில் மனசு எதையெதையோ பிடித்துக்கொள்ளும் என்பதை மற்றவர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் மனசு பிடித்துக்கொண்டது நடைத்தடத்தை. ஐப்பசி மழை நன்றாகப் பெய்து, புல் இடுப்பு உயரத்துக்குக் கதிரோடு நின்றது. இரண்டு பக்கமும் தடத்தின் மேல் சாய்ந்திருந்தது. ஸ்ட்ரெச்சரைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கதிரை ஒடித்துவிடக் கூடாதே என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவுகூடச் செய்திருந்தேன். தன் புல்லுக்கு நடுவில் அவர் வீட்டுக்குள் போவார். அதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

கேட் முன்னால் வண்டி நின்று கதவைத் திறந்தார்கள். இறங்கினேன். வாசல் வெறுமையாகக் கிடந்தது. ஒரு கதிர் இல்லை. இரண்டு பக்கமும் செம்மண் கிளறிக் கிடந்தது. ரோட்டோரம் புல் குவியலாகக் கிடந்தது. சாமியானாக்காரர்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மண்ணுக்கு நடுவில் அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து கடைசித் தூரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சேலையெல்லாம் மண். கீழே உட்கார்ந்தால் எழ முடியாத முட்டி அவருக்கு. நான் போன் செய்த நேரத்திலிருந்து பிடுங்குகிறாராம். உதவிக்குப் போனவர்களைக் கிட்டே விடவில்லையாம்.

நான் என் கணவரைப் பார்த்து அழ வேண்டிய நேரம் அது. ஊர்ப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழக் காத்திருந்தார்கள். எனக்கு வந்தது அழுகை இல்லை. பிணம் இன்னும் வண்டியில் இருக்கும்போதே நான் அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"புடுங்கிப்போட்டீங்களா? இப்ப நெம்பச் சந்தோசமுங்களா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. கையிலிருந்த புல்லைக் கீழே போடவில்லை. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கிளறிய மண்ணைக் காலால் மிதித்துச் சமன்செய்து, அதன் மேல் பெஞ்சைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள்.

எல்லாம் முடிந்து, எடுத்துப் போய், பெண்கள் வாசலைக் கழுவிவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. அக்கா சமையற்கட்டு ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். கொழுக்கட்டைப் புல்லின் தோகை அரம் மாதிரி. கை நெடுக அறுத்திருந்தது, சில இடங்களில் ஆழமாக. கோபம் கோபமாகவே இருக்க, என் கை தானாக மருந்துப் பெட்டியை எடுத்தது. அவர் எதிரில் உட்கார்ந்து பஞ்சை நனைத்துத் துடைத்தேன். எரிந்திருக்கும். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நா ஒரு நாளும் உன்ற முன்வாசல்ல நொழஞ்சதில்ல, பாத்திருப்பியே அம்மிணி."

"பாத்தனுங்க்கா. திமிருன்னு நெனச்சேன்."

"பயம் சாமி. அந்தப் புல்லப் பாத்தா என்ற நாக்கு வெளிய வந்து நிக்கற மாதிரி இருக்கும்."

நான் கட்டுப் போடுவதை நிறுத்தவில்லை.

"சனமெல்லாம் வரும். புல்லுக்கு நடுவுல அவனக் கெடத்தி வெச்சா, பாரு, சொன்ன மாதிரியே மொளைச்சிருச்சுன்னு நாலு பேரு பேசுவாங்க. நா சொன்னது பலிச்சுதுன்னு ஆயிருமல்ல? அது ஆகக் கூடாதுன்னுதான் புடுங்கினேன்."

"அது மொளைச்சதில்லீங்க்கா. அவரு வெச்சது."

"எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமா?"

சனத்துக்கும் தெரியும். கல்யாண போட்டோவுக்கு நின்றவர்களுக்குத் தெரியும், கேஸ்காரருக்குத் தெரியும். அந்தப் புல்லைப் பார்த்து இன்னும் சாபத்தை நினைத்தவர் ஊரிலேயே அக்கா ஒருவர்தான். அதை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷமாகச் சந்துக்குள் கல்லிலும் முள்ளிலும் நடந்து வந்த கிழவியிடம் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? நான் என் கணவருக்குக் கொடுத்த வாக்கு அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. அன்று நான் அதற்காகத்தான் அழுதேன். மற்றவர்கள் அவருக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

கையால் பிடுங்கினால் கொழுக்கட்டைப் புல் வேரோடு வராது. கழுத்தில் ஒடியும், தூர் உள்ளே இருக்கும். எனக்கு அது தெரியும், ஆனாலும் அந்த வாசலைப் பார்க்கும் தைரியம் தை, மாசி, பங்குனி முழுக்க எனக்கு வரவில்லை. சித்திரையில் ஒரு மழை. மறுவாரம் இரண்டு பக்கமும் அதே வரிசையில், அதே இடைவெளியில் பச்சை. முதலில் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வடக்கே இருந்தால் போனில் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன், நினைத்த பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன். இது அவர் வைத்ததா, தானாக முளைத்ததா? அவர் கணக்குப்படி இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் உண்டு. இதை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடிக்கு முன் கழித்தேன். தண்ணீர் காட்டவில்லை. ஐப்பசியில் பழையபடி கதிர் வாங்கிவிட்டது. குருவிகளும் வந்தன. வாக்கு தப்பவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புதிதாக ஒன்று நடந்தது. நடுவில் இருக்கிற நடைத்தடத்தில் புல் வர ஆரம்பித்தது. உதிர்ந்த விதையெல்லாம் அங்கே முளைத்தது. முன்பும் முளைத்துக்கொண்டுதான் இருந்தது, எங்கள் கால் பட்டே போய்விடும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், வெளியே போக வேண்டிய அவசியம் குறைவு. அவரைப் பார்க்க வந்தவர்கள் இப்போது வருவதில்லை. தடம் இரண்டு ஓரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. குனிந்து பிடுங்கலாம். பிடுங்கினேன், ஒரு நாள். பிடுங்கிய கையைப் பார்த்ததும் அக்காவின் கை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். அதற்குப் பதில் காலையிலும் சாயங்காலமும் படியிலிருந்து கேட் வரைக்கும் காரணமில்லாமல் நடக்கிறேன். பால் வாங்கப் போகிற மாதிரிப் போய், வாங்காமல் திரும்புகிறேன். ஒருத்தி நடந்து மிதிபடுவது போதவில்லை.

அக்கா இப்போது முன்வாசல் வழியாக வருகிறார். எப்போது மாறினார் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தடியை ஊன்றிக்கொண்டு தடத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தார். படி வரைக்கும் வந்தார். ஏறாமல் திரும்பி மறுபடி கேட் வரைக்கும் போனார். மறுபடி வந்தார். தடத்தில் எங்கெங்கே பச்சை தெரிகிறதோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"என்னங்க்கா பண்றீங்க? முட்டி வலிக்கலீங்களா?"

"வலிக்குது."

"அப்பறம் எதுக்கு?"

"நடந்தாத்தான தடம் இருக்கும்?" என்றார். கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். "என்ற ஊட்ல பையன் சிமெண்டு போட்டுட்டுப் பெங்களூரு போயிட்டான். அங்க ஆளு வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். ஒண்ணும் மொளைக்காது."

நான் உள்ளே போய்க் காபி கலந்து எடுத்து வந்தேன். இருவரும் படியில் உட்கார்ந்து குடித்தோம். காற்றில் கதிர் அவர் சேலையில் வந்து ஒட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"உனக்கு என்ற மேல இன்னும் கோவமா அம்மிணி?"

"ஆமாங்க்கா."

தலையாட்டினார். டம்ளரை வைத்துவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் இன்னொரு முறை கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, பிறகுதான் போனார்.

வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. சென்ற வாரம் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது தடத்தின் நடுவில் புதிதாகப் பச்சை தெரிந்தது. சீக்கிரம் எழுந்து வாருங்கள் அக்கா என்று வாய்விட்டுச் சொன்னேன், கேட்க அங்கே யாரும் இல்லை.